தலக்காவாக்களின் தலைவர்: நைஜீரியாவின் அமினு கானோ

(சங்கத்தின் மாதாந்திரப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது ஆப்பிரிக்காவில், நைஜீரியா நாட்டில் வாழ்ந்து மறைந்த அமினு கானோ என்ற அரசியல் தலைவரைப் பற்றியும், அவர் கட்சியின் கொள்கைகளைப் பற்றியும் ஆகும். நமக்கு ரேஷன் கார்டுப் பிரச்சினை இருக்கிறது, குடிசைப் பிரச்சினை இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் பிரச்சினை இருக்கிறது, நைஜீரியாக்காரர் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் தோழர்களே, பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் எங்கே இருந்தாலும் ஒரு கேள்வி அவர்களைத் துரத்திக்கொண்டே வருகிறது. ஒரு நாட்டில் கோடு எங்கே கிழிக்கப்படுகிறது? இந்த மண்ணுக்காரன், வெளியிலிருந்து வந்தவன் என்று கிழிக்கப்படுகிறதா? அல்லது உழைக்கிறவன், அந்த உழைப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறவன் என்று கிழிக்கப்படுகிறதா? இந்தக் கேள்விக்கு இரண்டாவது பதிலைச் சொல்லி, 33 ஆண்டுகள் அதற்காகவே அரசியல் நடத்தியவர் அமினு கானோ. அவர் வென்ற கதையும் நமக்குப் பாடம். வென்ற பிறகு அவர் கட்சி உடைந்த கதை அதைவிடப் பெரிய பாடம்.

முதலில் அந்த நாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். நைஜீரியா 1960 அக்டோபர் 1ஆம் நாள்தான் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்டது. இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாடு அது. வடக்கே ஹவுசா, ஃபுலானி மக்கள், மேற்கே யொரூபா மக்கள், கிழக்கே இக்போ மக்கள், இடையிடையே நூற்றுக்கணக்கான சிறு இனத்தவர். 1914இல் வெள்ளைக்காரன் வடக்கையும் தெற்கையும் ஒரே ஆட்சியின் கீழ் கட்டினான். ஆனால் வடக்கே மன்னர்களின் ஆட்சியைக் கலைக்கவில்லை. எமிர்கள் என்று அழைக்கப்பட்ட அந்த மன்னர்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவர்கள் கையால் நாட்டை ஆண்டான். அதற்கு சுதேச நிர்வாகம் என்று பெயர். வரி வசூலிப்பதும் அவர்கள், வழக்கை விசாரிப்பதும் அவர்கள், காவலர்களும் அவர்களுடையவர்கள், சிறைச்சாலையும் அவர்களுடையது. இப்படிப்பட்ட ஆட்சியை எதிர்த்து ஒருவன் வாய் திறந்தால் அவன் கதி என்ன ஆகும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வடபகுதியின் பெரிய வணிக நகரம் கானோ. அதன் பழைய மதில்களுக்கு வெளியே சபோன் காரி என்று ஒரு பகுதி உண்டு. ஹவுசா மொழியில் அதற்குப் புதிய ஊர் என்று பொருள். ரயில் பாதை வந்த பிறகு தெற்கிலிருந்து வந்த எழுத்தர்களும், ரயில்வே ஊழியர்களும், சிறு வியாபாரிகளும் குடியிருந்த இடம் அது. நாட்டின் குடிமகனாக இருந்தும் மதிலுக்கு வெளியே தனியாகக் குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். அந்த வாழ்க்கை நம்மில் பலருக்குப் புரியாத ஒன்றல்ல.

அந்தக் கானோ நகரில் 1920இல் பிறந்தவர் அமினு. பரம்பரையாகக் கல்வியும் மார்க்கச் சட்டமும் பயின்ற ஃபுலானிக் குடும்பம். எழுதப் படிக்கத் தெரிந்த தாய், நீதிமன்றத்தோடு தொடர்புடைய தந்தை. ஆசிரியப் பயிற்சி பெற்று வேலையில் சேர்ந்தார். மாணவப் பருவத்திலேயே நாடகங்கள் எழுதினார். கானோ சந்தைக்கு வரும் நாட்டுப்புறத்தான் எப்படியெல்லாம் ஏமாற்றப்படுகிறான் என்பதுதான் அவற்றில் ஒன்றின் கரு. 1946இல் மேற்படிப்புக்காக லண்டன் போனார். அவரோடு சென்றவர்களில் ஒருவர் அபூபக்கர் தஃபாவா பலேவா. பின்னாளில் நைஜீரியாவின் பிரதமரானவர். இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்கள், ஒன்றாகக் கடல் கடந்தவர்கள். திரும்பி வந்தபின் ஒருவர் மன்னர்களின் கட்சிக்குப் போனார். மற்றவர் மக்களிடம் போனார்.

1948இல் வடபகுதி ஆசிரியர்களுக்கென ஒரு சங்கம் அமைவதற்கு முன்னின்றார் அமினு. 1950இல் அரசு வேலையை உதறினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வடபகுதி முற்போக்காளர் சங்கம் என்ற கட்சி தொடங்கப்பட்டிருந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து நேப்பு என்று மக்கள் அதை அழைத்தார்கள். அமினு அதில் சேர்ந்து விரைவிலேயே அதன் தலைவரானார்.

இங்கே ஒரு சொல்லை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தலக்காவா. ஹவுசா மொழியில் பட்டமும் பதவியும் இல்லாத சாதாரணக் குடிமக்களுக்கு அந்தப் பெயர். உழவன், கூலி, தறிக்காரன், மாடு மேய்ப்பவன், தெருவோர வியாபாரி எல்லாரும் தலக்காவாக்கள். அதுவரை அந்தச் சொல்லில் ஏளனம்தான் இருந்தது. நேப்பு தன் கொள்கை அறிக்கையில் அந்தச் சொல்லையே கொடியாக உயர்த்தியது. வடபகுதியில் இருக்கும் உண்மையான முரண்பாடு தலக்காவாக்களுக்கும் சுதேச நிர்வாகத்துக்கும் இடையில்தான், அந்த விடுதலையைத் தலக்காவாக்கள் தாங்களேதான் ஈட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த அறிக்கை அறிவித்தது. வடக்கனுக்கும் தெற்கனுக்கும் பகை என்று அது சொல்லவில்லை. முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் பகை என்று சொல்லவில்லை. அமினு மார்க்கம் கற்றவர். நீதி, சமத்துவம், பெண் கல்வி ஆகியவற்றுக்குத் திருக்குர்ஆனிலிருந்தே ஆதாரம் காட்டி மேடையில் பேசினார். மதத்தைச் சொல்லி அவரை மடக்க முடியாமல் எதிரிகள் திணறினார்கள்.

1951இல் தேர்தல் வந்தது. அது நாம் இன்று அறிந்த நேரடித் தேர்தல் அல்ல. ஊர் மக்கள் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்கள் வேறு சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள், இப்படிப் படிப்படியாக மேலே போகும். கானோ நகரின் கீழ்ப்படிகளில் நேப்பு நன்றாகவே வென்றது. ஆனால் கடைசிப் படியில் சுதேச நிர்வாகம் பத்தில் ஒரு பங்கு பேரைத் தானாகவே வாக்காளர்களாகச் சேர்க்கலாம் என்று விதி இருந்தது. கீழே வென்றவர்கள் மேலே போகும்போது காணாமல் போனார்கள்! தேர்தலில் ஓட்டு எண்ணிக்கை மட்டும் முக்கியமல்ல, விதியை எழுதுகிறவன் யார் என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

1954இலும் 1956இலும் அமினு தேர்தலில் தோற்றார். கட்சித் தொண்டர்கள் எமிர்களின் நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டுச் சிறைக்குப் போனார்கள். தாய்மார்கள் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். அந்தச் சிறைகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்றவர்களில் ஒரு பெண்மணி இருந்தார். காம்போ சவாபா என்று பெயர். சவாபா என்றால் ஹவுசாவில் விடுதலை. கட்சியின் பெண்கள் பிரிவைக் கட்டியவர் அவர். வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்த பெண்களிடம் வீடு வீடாகச் சென்று பேசினார். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்பது நேப்புவின் கோரிக்கை. தெற்கே 1950களிலேயே பெண்கள் ஓட்டளித்தார்கள். வடக்கே 1976இல்தான் அந்த உரிமை வந்தது. 1979இல்தான் முதன்முதலாக நாடு தழுவிய தேர்தலில் அந்தப் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். அதாவது கட்சி கேட்டது கிடைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வடக்கு, தெற்கு என்ற பகை எவ்வளவு கொடியது என்பதை 1953 மே மாதத்தில் கானோ கண்டது. 1956இலேயே சுயாட்சி வேண்டும் என்று தெற்கத்தியத் தலைவர்கள் கேட்க, வடக்கு மன்னர்களின் கட்சியான வட மக்கள் காங்கிரஸ் மறுத்தது. அந்தக் கசப்பு கலவரமாக வெடித்தது. சபோன் காரி தாக்கப்பட்டது. அரசுக் கணக்குப்படியே 36 பேர் இறந்தார்கள். சட்டமன்றத்தில் பேசியவர்கள் தலைவர்கள், செத்தவர்களோ வேலைக்கு வந்தவர்களும் அவர்களை அடிக்க வந்த ஏழைகளும். இது நடந்த மறு ஆண்டே, 1954இல், நேப்பு தெற்கைத் தளமாகக் கொண்ட நம்டி அசீக்வேயின் கட்சியோடு கூட்டணி வைத்தது. ரத்தம் காயாத நேரத்தில் தெற்கத்தியனோடு கைகோத்தால் வடக்கே துரோகி என்பார்கள். அப்படித்தான் சொன்னார்கள். ஆனாலும் அமினு பின்வாங்கவில்லை.

1959இல் கானோ கிழக்குத் தொகுதியில் வென்று அமினு நாடாளுமன்றம் சென்றார். ஆனால் அவருடைய கூட்டணிக் கட்சியோ வட மக்கள் காங்கிரஸோடு சேர்ந்து மத்தியில் ஆட்சி அமைத்தது. தலைநகர் லாகோஸில் தோழமை, கானோவில் தொண்டனுக்குச் சிறை என்ற விந்தையான நிலை! 1966இல் ராணுவப் புரட்சி வந்தது. 1967 முதல் 1975 வரை ராணுவ ஆட்சியில் அமினு அமைச்சுப் பொறுப்பு வகித்தார். தகவல் தொடர்பு, சுகாதாரம் ஆகிய துறைகள் அவரிடம் இருந்தன. மக்கள் தேர்ந்தெடுக்காத ஆட்சியில் மக்கள் தலைவர் இருக்கலாமா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அத்தனை ஆண்டு பதவியில் இருந்தவர் பணம் சேர்க்கவில்லை என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

1978இல் கட்சிகள் மீதான தடை நீங்கியது. பெரும் செல்வர்களும் பழைய தலைவர்களும் சேர்ந்து அமைத்த நைஜீரிய தேசியக் கட்சியில் அமினுவுக்கும் இடம் இருந்தது. அதில் தலக்காவாக்களுக்கு இடமில்லை என்று கண்டு வெளியேறினார். மக்கள் மீட்சிக் கட்சி என்ற புதிய கட்சியைத் தொடங்கினார். அதன் சின்னம் சாவி. அந்தக் கட்சியில் யார் யார் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். 1945ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின் நாயகரான ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் மைக்கேல் இமூடு சேர்ந்தார், அவர் தெற்கத்தியர். உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் சினுவா அச்செபேயும் பின்னர் அதில் பொறுப்பு வகித்தார். அவர் கிழக்குப் பகுதி இக்போ. வடக்கே பிறந்த கட்சியில் நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் கட்சியின் கொள்கைகள் என்ன? தலைவரி ஒழிய வேண்டும். ஹராஜி என்று அதற்குப் பெயர். சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் வயது வந்த ஆண்மகன் கட்டியாக வேண்டிய வரி. மாட்டு வரி ஒழிய வேண்டும். ஜங்காலி என்று அதற்குப் பெயர். கல்வி எல்லாருக்கும் இலவசமாக வேண்டும், முதியோருக்கும் எழுத்தறிவு வேண்டும். நாட்டின் முக்கியத் தொழில்கள் அந்நிய முதலாளிகள் பிடியில் இருக்கக் கூடாது. தொழிலாளருக்குச் சங்கம் வைக்கும் உரிமை வேண்டும். பெண்களுக்குச் சம உரிமை வேண்டும். இவைதான் சுருக்கம்.

1979 தேர்தலில் அமினு குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றார். ஐந்து வேட்பாளர்களில் நான்காவதாக வந்தார். ஏறத்தாழ 17 லட்சம் ஓட்டுகள், நூற்றுக்குப் பத்து. வென்றவர் தேசியக் கட்சியின் ஷெஹு ஷகாரி. ஆனால் கானோ மாநிலத்தில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு அமினுவுக்கு விழுந்தது. அன்றிருந்த 19 மாநிலங்களில் கானோ, கடுனா என்ற இரண்டு பெரிய மாநிலங்களின் ஆளுநர் பதவிகளைக் கட்சி கைப்பற்றியது. நம் நாட்டு ஆளுநரைப் போல் அல்ல. அங்கே ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு முதலமைச்சரைப் போல ஆட்சி செய்பவர். கானோவில் அபூபக்கர் ரிமி, கடுனாவில் பலராபே மூசா பதவி ஏற்றார்கள்.

அவர்கள் வாக்குறுதியை மறக்கவில்லை. தலைவரியும் மாட்டு வரியும் ஒழிந்தன. தலைமுறை தலைமுறையாக வரி வசூலிப்பவன் வரும்போதெல்லாம் ஓடி ஒளிந்த குடியானவன் நிமிர்ந்து நின்றான். கானோவில் முதியோர் கல்வி இயக்கம் தொடங்கியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980இல் மே முதல் நாளைத் தொழிலாளர் விடுமுறையாக நைஜீரியாவிலேயே முதன்முதலில் அறிவித்தது கானோ அரசுதான். 1981இல் அது நாடு முழுவதற்கும் விடுமுறையாயிற்று. ஒரு மாநிலத்தில் ஏழைகளின் கட்சி செய்தால் நாடே பின்பற்ற வேண்டியதாகிறது என்பதற்கு இது சாட்சி.

குறை இல்லையா என்றால், உண்டு. தலைவரியை எடுத்துவிட்டுப் பள்ளிக்கும் மருந்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை, மத்திய அரசு பங்கிட்டுத் தரும் எண்ணெய்ப் பணம் என்பதாகவே இருந்தது. எண்ணெய் விலை விழுந்தபோது அந்த விடையும் ஆட்டம் கண்டது. நல்ல காரியத்துக்கும் நிலையான வருவாய் வேண்டும்.

இனிமேல்தான், தோழர்களே, வேதனையான பகுதி. கடுனாவில் ஆளுநர் பலராபே மூசா. ஆனால் சட்டமன்றப் பெரும்பான்மை எதிர்க்கட்சியான தேசியக் கட்சியிடம். அவர் அமைச்சர்களாகப் பெயர் கொடுத்தவர்களைச் சட்டமன்றம் ஏற்க மறுத்தது. அமைச்சரவையே இல்லாமல் ஆட்சி நடந்தது. இறுதியில் 1981 ஜூன் மாதம் அவரைப் பதவி நீக்கம் செய்தார்கள். நைஜீரிய வரலாற்றில் அப்படி நீக்கப்பட்ட முதல் ஆளுநர் அவர்தான். அடுத்த மாதமே கானோவில் கலவரம். எமிருக்கு ஆளுநர் ரிமி விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியதை ஒட்டி, அரசு அலுவலகங்களும் வானொலி நிலையமும் கொளுத்தப்பட்டன. ஆளுநரின் அரசியல் ஆலோசகர் பாலா முகமது கொல்லப்பட்டார்.

எதிரி இப்படித் தாக்கும்போது கட்சி ஒன்றாக நின்றதா? இல்லை. அதற்கு முன்பே உடைந்துவிட்டது! மற்ற எதிர்க்கட்சிகளின் ஆளுநர்கள் கூடிப் பேசும் கூட்டங்களுக்கு ரிமியும் மூசாவும் சென்றார்கள். போகக் கூடாது என்றார் அமினு. கட்சி பெயரால் வென்றவர்கள் கட்சிக் கட்டளைக்குக் கட்டுப்பட வேண்டும், இல்லையென்றால் நாம் வேறொரு கட்சிக்கு வாலாகிவிடுவோம் என்பது அவர் வாதம். ஆட்சி நடத்துகிற எங்களுக்கு நண்பர்கள் வேண்டும், தலைமையோ மத்திய அரசிடம் மென்மை காட்டுகிறது என்பது ஆளுநர்களின் வாதம். தொழிற்சங்கப் பெரியவர் இமூடு ஆளுநர்கள் பக்கம் தலைமை தாங்கினார். தேர்தல் ஆணையம் அமினுவின் பிரிவையே கட்சி என்று அங்கீகரித்தது. இரு தரப்பிலும் நேர்மையானவர்கள் இருந்தார்கள், இரு தரப்பு வாதத்திலும் நியாயம் இருந்தது. இந்தச் சண்டையில் தோற்றது மட்டும் ஒரே தரப்பு. அது தலக்காவா.

ஏன் இப்படி ஆயிற்று? 33 ஆண்டு இயக்கத்தின் நம்பிக்கை முழுவதும் ஒரு மனிதர் மேல் ஏற்றப்பட்டிருந்தது. அவர் சொன்னால் முடிவு. அவரோடு கருத்து வேறுபட்டால் அதைப் பேசித் தீர்க்கக் கட்சிக்குள் பலமான மன்றம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிர்த்துப் போராடத் தெரிந்த கட்சிக்கு, தனக்குள் வேறுபட்டு நின்றும் ஒன்றாக இருக்கத் தெரியவில்லை.

1983இல் மீண்டும் தேர்தல். துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக போலா ஒகுன்போ என்ற தெற்கத்தியப் பெண்மணியைத் தேர்ந்தெடுத்தார் அமினு. பெண்களுக்கு ஓட்டு இல்லாத பகுதியிலிருந்து அரசியலைத் தொடங்கியவர், கடைசியாகச் செய்த காரியங்களில் ஒன்று அது. ஏப்ரல் 17ஆம் நாள், தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கையில், 62 வயதில் மறைந்தார். பெரிய சொத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர் வாழ்ந்த வீடு இன்று கானோ பயேரோ பல்கலைக்கழகத்தின் மக்களாட்சி ஆய்வு மையமாக இருக்கிறது. நகரின் விமான நிலையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வாண்டுத் தேர்தலிலும் கானோ மக்கள் சாவிச் சின்னத்துக்கே ஓட்டளித்தார்கள். ஆனால் டிசம்பர் 31ஆம் நாள் மீண்டும் ராணுவம் வந்தது. எல்லாச் சாவிகளையும் அது பிடுங்கிக்கொண்டது.

அதே 1983இன் தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. எண்ணெய் வருமானம் விழுந்தபோது ஷகாரி அரசு என்ன செய்தது தெரியுமா? உரிய அனுமதிச் சீட்டு இல்லாத வெளிநாட்டுக் கூலிகள் எல்லாரும் இரண்டு வாரங்களுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஜனவரியில் ஆணையிட்டது. ஏறத்தாழ 20 லட்சம் பேர், அவர்களில் பாதிக்கு மேல் கானா நாட்டவர், மூட்டை முடிச்சுகளோடு சாலைகளிலும் துறைமுகத்திலும் நின்றார்கள். அவர்கள் தூக்கிச் சென்ற கட்டம் போட்ட பெரிய பைக்குக் "கானாக்காரனே போ" என்ற பெயர் அங்கே நிலைத்துவிட்டது. அந்த மக்களா எண்ணெய் விலையைக் குறைத்தார்கள்? அவர்களா கருவூலத்தைக் காலி செய்தார்கள்? கட்டடம் கட்டியவர்கள், மூட்டை சுமந்தவர்கள், பள்ளியில் பாடம் சொன்னவர்கள் அவர்கள். குற்றம் செய்தவனைக் காட்ட முடியாத அரசு, வந்தவனைக் காட்டியது.

கோட்டைத் தவறான இடத்தில் கிழித்தால் இதுதான் நடக்கும், தோழர்களே. இக்கட்டு வரும்போது மண்ணின் மைந்தன், வெளியாள் என்ற கோடு ஆள்பவர்களுக்கு மிகவும் வசதியானது. அந்தக் கோட்டை அழித்து வேறொரு கோட்டைக் காட்டத்தான் அமினு கானோ வாழ்நாள் முழுவதும் பாடுபட்டார். அவருடைய கட்சி ஒன்றுபட்டு வலுவாக இருந்திருந்தால் அந்த மக்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட குரல் பிளவுபட்டுத் தேய்ந்திருந்த நேரத்தில்தான் அது நடந்தது என்பது மட்டும் உண்மை.

நமக்கு இதில் என்ன வேலை? மூன்று வேலைகளைச் சொல்லி அமர்கிறேன். முதலாவது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், விதிகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதையும் கவனியுங்கள். 1951இல் கானோ மக்கள் ஓட்டில் தோற்கவில்லை, விதியில் தோற்றார்கள். இரண்டாவது, பக்கத்துக் குடிசையில் வேறு மொழி பேசுகிறவன் நம் எதிரி அல்ல; அவனும் நம்மைப் போல் குழாயடியில் குடத்தோடு நிற்கிறவன். அவனையும் சேர்த்துக்கொள்ளாமல் நாம் எந்த உரிமையையும் வெல்ல முடியாது. மூன்றாவது, நம் சங்கத்துக்குள் கருத்து வேறுபாடு வரும். வரட்டும். அதைப் பொதுக்குழுவில் வைத்துப் பேசித் தீர்ப்போம். கணக்கும் தீர்மானமும் எல்லார் கண்முன்னும் இருக்கட்டும். தாய்மார்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பதோடு நிற்காமல் பொறுப்புகளுக்கு வரட்டும். எந்தத் தலைவரையும் மதிப்போம், ஆனால் சங்கத்தின் முழுப் பாரத்தையும் ஒரே தோளில் ஏற்ற வேண்டாம்.

அமினு கானோவை நைஜீரிய ஏழைகள் இன்றும் மாலம் என்றே குறிப்பிடுகிறார்கள். மாலம் என்றால் ஆசிரியர். பாடம் அவர் நடத்திவிட்டுப் போயிருக்கிறார். படிக்க வேண்டியது நாம்.